கடல் கடந்த குரல்கள்: இலங்கை வானொலித் தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் அறிவிப்பாளர்களும் தமிழகத்து நினைவும்

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றை எழுதியோர் அச்சுக்கும் நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் அளித்த இடத்தை வானொலிக்கு அளித்துள்ளனர் எனக் கூறவியலாது. இதற்குக் காரணம் உண்டு. நூலும் இதழும் நூலகங்களில் உள்ளன. திரைப்படம் சுருளாகவேனும் எஞ்சுகின்றது. ஒலிபரப்போ நிகழ்ந்த கணத்திலேயே மறைந்துவிடுவது. ஆதலின் வானொலியின் வரலாற்றுக்குரிய சான்றுகளுள் பெரும்பகுதி, கேட்டவர்தம் நினைவாகவே நின்றுள்ளது. அந்நினைவுகளுள் தமிழகத்தில் மிகுதியாகப் பேசப்படுவது, சென்னை, திருச்சிராப்பள்ளி நிலையங்களைப் பற்றியதன்று. அண்டை நாட்டு வானொலியின் அறிவிப்பாளர்களைப் பற்றியது. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீட் ஆகிய பெயர்களை ஐம்பது வயதைக் கடந்த தமிழகத்தார் பலர் இன்றும் உறவினர் பெயர்போல உச்சரிக்கக் காணலாம். ஒரு நாட்டு மக்கள் பிறிதொரு நாட்டு அரசு நிறுவனத்தின் ஊழியர்களை இத்துணை நெருக்கமாக நினைவுகூர்வது எவ்வாறு நேர்ந்தது என்பதும், அந்நினைவு எவற்றைப் போற்றி எவற்றை விட்டுவிட்டது என்பதும் ஆராயத்தக்கன.

கொள்கை விட்ட இடைவெளி

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கப்பெற்றது 1925ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஆகும். பி.பி.சி. தோன்றி மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்தன. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் இம்முயற்சியின் முன்னோடி. எனினும் இலங்கை வானொலி தென்னாசியா முழுமைக்கும் எட்டும் ஆற்றலைப் பெற்றது இரண்டாம் உலகப் போரின் பயனாகவேயாம். தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளுக்கென நிறுவப்பெற்ற ரேடியோ சீயாக் நிலையத்தின் வலிமை மிக்க சிற்றலைக் கருவிகள், போருக்குப்பின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. ஒரு சிறு தீவின் தேவைக்கு அவை மிகையானவை. இந்தியத் துணைக்கண்டத்தின் தேவைக்கோ பொருத்தமானவை. கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த ஆஸ்திரேலிய வல்லுநர் கிளிஃபோர்டு டாட் என்பாரின் வழிகாட்டுதலில் 1950இல் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கப்பட்டது. விளம்பரத்தால் வருவாய் ஈட்டுதலே இதன் நோக்கம்.

இந்த ஏற்பாட்டிற்கு எதிர்பாராத துணை இந்தியத் தலைநகரிலிருந்து கிட்டியது. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர் செவ்விசையில் ஆழ்ந்த பற்றுடையவர். திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கும் என்பது அவர்தம் உறுதியான கருத்து. பாடலுடன் படத்தின் பெயரைக் கூறுவது விளம்பரமாகும் என்று அது நிறுத்தப்பட்டது. தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றனர். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் அருகி மறைந்தது. விலக்கப்பட்ட அப்பாடல்கள் முழுவதையும் கொழும்பு வாரி எடுத்துக்கொண்டது. 1952 டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சியால் அமீன் சயானி இந்தி பேசும் நிலமெங்கும் அறியப்பட்டார். பின்னாளில் சுனில் தத் எனத் திரையுலகில் புகழெய்திய பல்ராஜ் தத்தும் இலங்கை வானொலியின் இந்தி அறிவிப்பாளராகப் பணிபுரிந்தவரே. இழந்த நேயர்களை மீட்கும்பொருட்டு 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பட்டது. அதில் வர்த்தக விளம்பரம் இடம்பெறத் தொடங்கியது 1967இலேதான். இடைப்பட்ட பத்தாண்டுகளில் கொழும்பின் குரல்கள் வேரூன்றிவிட்டன.

தமிழகத்தைப் பொறுத்தவரை நிலவியலும் உடன்துணையாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள கடல் ஏறத்தாழ 30 கி.மீ. அகலமே உடையது. மத்திய அலை உப்புநீர்ப் பரப்பின்மீது தரையினும் எளிதாகச் செல்லும் இயல்பினது. அகில இந்திய வானொலியின் திருநெல்வேலி நிலையம் 1963இல்தான் தோன்றியது. அதுவரை தென்கோடி மாவட்டங்களின் கடற்கரை ஊர்களுக்குக் கொழும்பு சென்னையினும் அண்மையது. தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் ஒலித்த வானொலி எந்த நாட்டினது என்பதைப் பலர் எண்ணிப் பார்த்ததுமில்லை.

அறிவிப்பாளர் என்னும் பதவி

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பிற்கு ஓர் அறிவார்ந்த அடித்தளம் வர்த்தக சேவைக்கு முன்பே இடப்பட்டிருந்தது என்பது பலரும் மறந்த செய்தி. அதனை இட்டவருள் முதன்மையானவர் சோ. சிவபாதசுந்தரம் (1912-2000). இலண்டன் பி.பி.சி.யில் பணியாற்றியபோது அதன் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவர் இவரே. இவர் எழுதிய 'ஒலிபரப்புக் கலை', இத்துறையில் தமிழில் தோன்றிய முன்னோடி நூல். சிட்டியுடன் இணைந்து தமிழ் நாவல், சிறுகதை ஆகியவற்றின் வரலாறுகளை எழுதியவர் என்ற முறையில் தமிழாய்வுலகம் இவரை நன்கறியும். ஒலிபரப்பாளர் என்ற முறையில் அவ்வளவாக அறியாது. ஒலிவாங்கியின் முன் பேசுதல் மேடையில் பேசுதலின் வேறானது, கேட்பவர் கூட்டமல்லர், தனித்திருக்கும் ஒருவர் என்னும் உணர்வு அந்நிலையத்தில் தொடக்கத்திலேயே நிலைகொண்டதற்கு இத்தகையோர் அங்கு இருந்தமையும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

வர்த்தக ஒலிபரப்பின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன். அவருக்கு முன்மாதிரி இல்லை. இந்திய நிலையங்களில் அறிவிப்பாளர் என்பவர் நிகழ்ச்சியின் பெயரைக் கூறி விலகி நிற்பவர். அவர் பெயரைக் கேட்போர் அறியார். மயில்வாகனனோ நிகழ்ச்சியின் உள்ளிருந்தே பேசினார். பாடலுக்கும் பாடலுக்கும் இடைப்பட்ட நொடிகளைக் குறும்பும் உரையாடலும் விளம்பர வாசகமும் கொண்டு நிரப்பும் முறை அவரிடமிருந்து தொடங்குகிறது. அவருக்குப்பின் வந்தோர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அவர் வகுத்த இடத்தில் நின்றவர்களே.

அடுத்த தலைமுறையில் ஒவ்வொருவர்க்கும் தனித்த பாணி அமைந்தது. கே. எஸ். ராஜா விரைவுக்குப் பெயர் பெற்றவர். மூச்சுவிடாது தொடுக்கும் அடுக்குச் சொற்களும், விரைவினூடேயும் சிதையாத உச்சரிப்பும் அவர்க்குரியன. 'மதுரக் குரல் மன்னன்' என்று நேயர்கள் அவரை வழங்கினர். திரையரங்குகளில் ஓடும் படங்களை அறிமுகப்படுத்திய 'திரை விருந்து' அவர் குரலாலேயே நினைக்கப்படுகிறது. இராஜேஸ்வரி சண்முகம் நாடகத்துறையின் வழியே ஒலிபரப்பிற்கு வந்தவர். ஏற்ற இறக்கங்களை அளந்து பேசும் நடிப்புப் பயிற்சி அவர் அறிவிப்புகளில் நன்கு புலப்படும். பெண்களுக்கான 'பூவும் பொட்டும்' அவர்தம் பெயருடன் பிரிக்கவொண்ணாதது. பி. எச். அப்துல் ஹமீட் சிறுவர் நிகழ்ச்சியிலும் வானொலி நாடகத்திலும் பயின்று அறிவிப்பாளரானவர். விரைவும் நாடகப் பாங்கும் இன்றித் தெளிவும் நிதானமுமே அவர் முறையாயின.

செய்தி, நேர்முக வருணனைத் துறைகளில் புகழெய்தியோரும் உளர். அவர்களுள் 'சுந்தா' எனப்பட்ட வீ. சுந்தரலிங்கம் தனித்துக் குறிப்பிடத்தக்கவர். 1969இல் அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய நிகழ்வின் ஆங்கில வருணனையை உடனுக்குடன் தமிழில் பெயர்த்து வழங்கியமையால் 'அப்பல்லோ சுந்தா' என்றே அவர் அழைக்கப்பட்டார். கலைச்சொற்களைப் பற்றிக் குழுக்கள் கூடி ஆராய்ந்துகொண்டிருந்த காலத்தில், ஒருவர் காதில் கேட்டதை வாயால் அக்கணமே தமிழாக்கிய செயல், அறிவியல் தமிழின் வரலாற்றில் தனியே ஆராயப்பட வேண்டிய நிகழ்வாகும்.

நேயர்களும் நிகழ்ச்சிகளும்

அறிவிப்பாளரை உறவினராக ஆக்கியது அவர்தம் குரல் மட்டுமன்று. நிகழ்ச்சிகளின் அமைப்பே அதற்கு வழிகோலியது. காலையில் 'பொங்கும் பூம்புனல்', பின்னர் 'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து' என வரும் வரிசையில் அஞ்சலட்டைக்கு இருந்த இடம் பெரிது. ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அப்பா, அம்மா, அம்மம்மா, தாத்தா, மாமா, மாமி, சித்தப்பா என வாழ்த்துவோர் பெயரெல்லாம் ஊர்ப் பெயருடன் வாசிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்து ஊரும் மட்டக்களப்பும் அட்டனும் இராமநாதபுரமும் தூத்துக்குடியும் ஒரே மூச்சில் ஒலித்தன. அரசியல் வரைபடத்தில் என்றும் ஒன்றாக இராத ஒரு தமிழ் நிலம் அந்தப் பட்டியல்களில் நாள்தோறும் ஒன்றாயிற்று. தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் உற்றார் தமிழகத்துச் சிற்றூர்களில் இருந்தனர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் தமிழகம் அனுப்பப்பட்டபோது அவர்தம் உற்றார் தோட்டங்களில் எஞ்சினர். இவ்விருசாரார்க்கும் அப்பட்டியல் பொழுதுபோக்கு மட்டுமாக இருந்திருக்கவியலாது. மரண அறிவித்தல்களும் அவ்வானொலியின் அன்றாடக் கூறாக இருந்தமை இங்குச் சேர்த்து எண்ணத்தக்கது.

'இசையும் கதையும்' என்பது நேயர் எழுதியனுப்பிய கதையைத் திரைப்பாடல்களை இடையிட்டு வாசிக்கும் நிகழ்ச்சி. உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள் என்னும் பழந்தொடர் தமிழறிஞர்க்கு நினைவு வரலாம். ஒப்புமையை அதற்குமேல் நீட்டுதல் தகாது. ஆயினும் அச்சேறும் வாய்ப்பற்ற எத்தனையோ இளைஞர்க்கு அது முதல் அரங்காய் அமைந்தது. 'பாட்டுக்குப் பாட்டு' கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாடலைப் பாடவேண்டும் என்னும் விதியுடையது. வானொலியில் அப்துல் ஹமீட் வளர்த்த இவ்வடிவம், 1990களில் தமிழகத் தொலைக்காட்சிக்குச் சென்று புதிய தலைமுறைக்கும் அவரை அறிமுகப்படுத்தியது.

நாடகங்களும் விளம்பரதாரர் ஆதரவில் செழித்தன. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' தொடராக ஒலிபரப்பப்பட்டது. மரிக்கார் ராம்தாஸ், டி. இராஜகோபால், உபாலி செல்வசேகரன், அப்துல் ஹமீட் ஆகியோர் நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' பெற்ற வரவேற்பால் 1976இல் 'கோமாளிகள்' என்னும் இலங்கைத் தமிழ்த் திரைப்படம் உருவாயிற்று. இவற்றைத் தமிழகத்து நினைவு ஏறத்தாழ முற்றிலும் விட்டுவிட்டது. தமிழகத்தார் நினைவில் இலங்கை வானொலி என்பது தமிழகத் திரைப்பாடலைத் தமிழகத்திற்கே திருப்பித் தந்த நிலையம். ஈழத்தவர் நினைவில் அது தம் எழுத்தாளரும் நடிகரும் மெல்லிசைப் பாடகரும் வாழ்ந்த நிலையம். ஒரே அலைவரிசையைப் பற்றிய இவ்விரு நினைவுகளும் சந்திக்கும் இடம் அறிவிப்பாளரின் குரல் ஒன்றே.

மொழி பற்றிய புகழுரையும் உண்மையும்

இலங்கை வானொலியின் தமிழ் 'தூய தமிழ்' என்பது நினைவுக் கட்டுரைகள் தவறாது கூறும் செய்தி. இதனை அவ்வாறே ஏற்றல் இயலாது. வர்த்தக ஒலிபரப்பின் உயிர் விளம்பரம். பற்பசை, சவர்க்காரம், பால்மா, துணி என வணிகப் பெயர்கள் நிமிடந்தோறும் வந்தன. அவற்றை யாரும் தமிழாக்கவில்லை. கூட்டுத்தாபனம் என்னும் பெயரிலேயே வடசொல் உண்டு. அறிவிப்பாளரின் சிறப்புச் சொல்தேர்வில் இருந்ததனினும் ஒலிப்பில் இருந்தது என்பதே பொருந்தும். லகர, ளகர, ழகர வேறுபாடும் றகர, ரகர வேறுபாடும் தெளிவாக ஒலித்தன. வினைமுற்றுகள் குறையாமல் முழுமையாகக் கூறப்பட்டன. ழகரம் யகரமாகவோ ளகரமாகவோ திரியும் வட்டாரங்களில் வாழ்ந்த தமிழகத்து நேயர்க்கு இதுவே 'தூய்மை'யாகத் தோன்றிற்று.

இதனினும் முதன்மையான ஒன்றுண்டு. தமிழ் இரட்டை வழக்கு மொழி. 1950கள், 60களின் தமிழகத்தில் எழுத்துத் தமிழை வாயால் பேசுவதற்கு இரண்டு முறைகளே பரவலாக அறியப்பட்டிருந்தன. ஒன்று, அடுக்குமொழியும் மோனையும் மிளிர்ந்த அரசியல் மேடைப் பேச்சு. மற்றொன்று, உணர்ச்சி நீங்கிய செய்தி வாசிப்பு. முதலாவது முழக்கம், இரண்டாவது அறிக்கை. இலங்கை அறிவிப்பாளர்கள் மூன்றாவதொரு முறையைக் காட்டினர்: எழுத்துத் தமிழிலேயே குசலம் விசாரிக்கலாம், கேலி செய்யலாம், ஆறுதல் கூறலாம் என்பதே அது. (ராஜாவின் அடுக்குமொழியில் மேடையின் சாயல் உண்டு, ஆனால் அது விளையாட்டாக நின்றது, முழக்கமாகவில்லை.) இம்மொழி யாழ்ப்பாணத்தாரின் வீட்டு மொழியுமன்று, மட்டக்களப்பாரின் பேச்சுமன்று, மலையகத்தாரின் வழக்குமன்று. எவர்க்கும் உரியதாகாமையால் எல்லார்க்கும் உரியதாக அமைக்கப்பட்ட பொதுமொழி. அதனை அமைத்தோருள் வி. ஏ. கபூர், விசாலாட்சி ஹமீட், அப்துல் ஹமீட் முதலிய பெயர்கள் இருத்தல் கருதத்தக்கது. முஸ்லிம்களும் இந்துக்களும் கிறித்தவரும் ஒரே கலையகத்தில் உருவாக்கிய தமிழ் அது. இதனை யாழ்ப்பாணத் தமிழ் எனத் தமிழகத்தார் பொதுமைப்படுத்துவது பிழை.

அமீன் சயானியின் மொழியையும் இங்கு ஒப்பிடலாம். அவருடைய அன்னையார் குல்சும் சயானி, காந்தியடிகளின் ஊக்கத்தால், புதிதாக எழுத்தறிந்தோர்க்கென 'ரஹ்பர்' என்னும் இதழை நாகரி, உருது, குஜராத்தி எழுத்துகளில் நடத்தியவர். சயானியின் எளிய இந்துஸ்தானி அவ்விதழ்ப் பணியில் பயின்றது. ஆகாசவாணி வடமொழி மிகுந்த இந்தியை வளர்த்த காலத்தில் மக்கள் மொழி கொழும்பு வழியாக ஒலித்தது. தமிழிலோ நிகழ்ந்தது இதன் மறுதலை. கொழும்பிலிருந்து வந்தது எளிமைப்படுத்தப்பட்ட பேச்சுமொழியன்று, இயல்பாக்கப்பட்ட எழுத்துமொழி. ஒரே நிலையம், ஒரே வணிக நோக்கம், இரு மொழிகளில் இரு வேறு விளைவுகள்.

நினைவு காணாதவை

இவ்வொலிபரப்பின் பொற்காலம் எனப்படும் ஆண்டுகளே இலங்கையில் மொழிச் சிக்கல் முற்றிய ஆண்டுகள். சிங்களம் மட்டும் ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956இல் நிறைவேறியது. அரசுப் பணியகங்களில் தமிழ் சுருங்கிய அதே காலத்தில், அரசு வானொலியில் தமிழ் விரிந்தது. முரண்போலத் தோன்றினும் காரணம் எளிது: இந்தி, தமிழ் ஒலிபரப்புகள் இந்திய விளம்பரதாரரிடமிருந்து வருவாய் கொணர்ந்தன. 1967 ஜனவரி 5ஆம் நாள் வானொலி கூட்டுத்தாபனமாக மாற்றப்பட்டது; 1972இல் நாடு குடியரசானபோது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனப் பெயர் பெற்றது. அறிவிப்பாளர்கள் இவ்வமைப்பின் ஊழியர்கள். அரசின் குரலாகவும் தம் மக்களின் குரலாகவும் ஒருங்கே இருக்க நேர்ந்தவர்கள். தமிழகத்து நேயர் இந்நெருக்கடியை அறிந்திலர். பாடலுக்கிடையே அது ஒலிக்கவுமில்லை.

1983 ஜூலைக்குப்பின் நிலை மாறியது. ஒலிபரப்பாளர் பலர் நாட்டை விட்டுப் பெயர்ந்தனர். இலண்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலிய இடங்களில் தோன்றிய புலம்பெயர் தமிழ் வானொலிகளின் தொடக்கத்தில் கொழும்பிற் பயின்றோரின் கை உண்டு. சுந்தா பி.பி.சி. தமிழோசையில் பணிபுரிந்து, பின் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்து மறைந்தார். கே. எஸ். ராஜா 1994ஆம் ஆண்டு செப்டம்பரில் கொழும்பில் கொலையுண்டார். சில்லையூர் செல்வராசன் 1995இலும், இராஜேஸ்வரி சண்முகம் 2012இலும் காலமாயினர்.

தமிழகத்தில் எழுதப்பெறும் நினைவுக் குறிப்புகள் ராஜாவின் விரைவையும் குரலையும் வியந்து பக்கங்களை நிரப்புகின்றன. அவர் முடிவை ஒரு வரியில் கடக்கின்றன, அல்லது கூறுவதேயில்லை. இது உணர்வின்மையால் நேர்ந்ததன்று. நினைவுகூரப்படுவது ராஜா என்னும் மனிதரன்று; கேட்டவரின் இளமைக் காலைப்பொழுது. அப்பொழுதில் ராஜா என்றும் உயிருடன் இருக்கிறார். வானொலி முகம் காட்டாத ஊடகமாதலின் இம்மயக்கம் எளிதில் நிகழ்கிறது. ஆனால் வரலாறு எழுதப் புகுவோர் இந்த இடத்தில் நேயர் நினைவினின்று விலகியே ஆகவேண்டும். 'கடல் கடந்து வந்த இனிய குரல்' என்னும் தொடர் அக்கடலின் மறுகரையில் அக்குரலுக்குரியவர் எவ்வாறு வாழ்ந்தார் என்னும் வினாவை எழவொட்டாமல் தடுக்கிறது.

இவ்வினாவிற்குச் சான்று முற்றிலும் இல்லாமற் போகவில்லை. சுந்தாவின் 'மன ஓசை', அப்துல் ஹமீட்டின் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' ஆகிய தன்வரலாறுகள் ஒலிவாங்கியின் மறுபக்கத்தைக் காட்டுவன. நேயர்கள் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கருவியில் பாடலுக்காகப் பதிந்த நாடாக்களும் உள்ளன. பாடலைப் பதிந்தோர் பலர், இடையே வரும் பேச்சைத் தடையெனக் கருதிப் பொத்தானை அழுத்தி நிறுத்தினர். சிலர் கைதாழ்ந்து விட்டுவிட்டனர். அவ்வாறு தவறிப் பதிந்த அரை நிமிடங்களே இன்று அறிவிப்பாளர் மொழிக்கு நேர்ச்சான்றுகள். பாடல்கள் எங்கும் கிடைக்கின்றன. அந்த அரை நிமிடங்கள் கிடைப்பதில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஓலைச்சுவடியைத் திரட்டிய முயற்சியில் சிறுபகுதியையேனும் இந்நாடாக்களின்பால் செலுத்துதல் வேண்டும். நாடாவின் காந்தப் பூச்சு ஓலையினும் விரைவில் உதிர்வது.

2000களில் தமிழகத்தில் தனியார் பண்பலை நிலையங்கள் பெருகியபோது, பாடல்களுக்கிடையே பேசுவோர்க்கு 'ஆர்.ஜே.' என்னும் பெயர் வந்தது. தொலைக்காட்சியில் 'தொகுப்பாளர்' என்னும் பெயர் நிலைத்தது. தொலைக்காட்சியில் தோன்றிய பின்னரும் அப்துல் ஹமீட்டை மட்டும் தமிழகத்தார் 'அறிவிப்பாளர்' என்றே குறித்து வருகின்றனர்.